திடீரென்று அறிவு கூடிய கதாபாத்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊசி, விபத்து, வரம், அறுவை சிகிச்சை, வேற்றுக்கிரகத்துக் கதிர் என்று காரணம் எதுவாகவும் இருக்கட்டும். நேற்றுவரை சாதாரணமாக இருந்த ஒருவர் இன்று காலை மேதையாகக் கண்விழிக்கிறார். இப்படித் தொடங்கும் கதைகளை நிறையப் படித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை இரண்டு இடங்களில் சறுக்குகின்றன. கணக்குப் போடும் வேகம் மட்டும் மாறி, ஆள் அப்படியே இருக்கிறார். அல்லது பழைய ஆளைக் காணவே காணோம், அவர் சட்டையில் வேறு யாரோ வந்து நிற்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் எழுத முயன்றவர்கள் என்னிடம் கேட்டவையே கீழே இருக்கும் கேள்விகள்.

அறிவு கூடியது என்றால் சரியாக எது கூடியது?

இதை முடிவு செய்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். உளவியலாளர் ரேமண்ட் கேட்டெல் அறிவை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். முன்பின் பார்த்திராத சிக்கலை அந்த இடத்திலேயே அவிழ்க்கும் திறன் ஒன்று. படித்தும் பட்டும் சேர்த்துவைத்தது மற்றொன்று: சொல்வளம், தொழில் நுணுக்கம், உலக நடப்பு. ஒரே ஊசியில் முதலாவது கூடிவிட்டது என்றால் வாசகர் நம்பத் தயாராக இருப்பார். இரண்டாவதைச் சேர்க்க நாட்கள் வேண்டும். மறுநாள் காலையிலேயே உங்கள் நாயகன் லத்தீன் பேசினால் அதற்குப் பெயர் அறிவு அல்ல, மந்திரம். படிக்காத புத்தகம் படிக்காததாகவே இருக்கும்.

கதைக்கு வளம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. திறன் வந்துவிட்டது, அதற்குப் போட இரை இல்லை. ஆகவே முதல் சில நாட்கள் அவர் வெறிபிடித்தவர்போல் படிப்பார். கையில் எதுவும் கிடைக்காத இரவில், ஏற்கெனவே தன்னிடம் இருப்பதை எடுத்துப் புரட்டுவார். அவரிடம் இருப்பவை அவருடைய நினைவுகள்.

குணம் மாறுமா, அப்படியே இருக்குமா?

ஆளுமையை அளக்க உளவியலில் பரவலாகப் பயன்படுத்தும் கூறுகள் ஐந்து. புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், எளிதில் பதறும் இயல்பு. இவற்றில் நுண்ணறிவோடு தெளிவான தொடர்பு காட்டுவது முதலாவது மட்டுமே. அதுவும் மிதமான தொடர்புதான். சோம்பேறி மேதையும் உண்டு, கூச்சத்தால் வாய் திறக்காத மேதையும் உண்டு, வீட்டில் எல்லோரையும் அழவைக்கும் மேதையும் உண்டு. இவையெல்லாம் வெவ்வேறு மனிதர்களை ஒப்பிட்டுக் கண்டவை என்பதை நினைவில் வையுங்கள். ஒரே மனிதருக்குள் அறிவைத் திடீரென்று ஏற்றி, குணம் என்ன ஆகிறது என்று யாரும் சோதித்ததில்லை. கதாசிரியருக்குக் கிடைத்திருக்கும் காலி மனை அது.

என் கணக்கு இப்படி. முன்கோபி முதல் வாரத்தில் முன்கோபியாகவே இருப்பார். முன்பு வாய்க்கு வந்ததைக் கத்திவிட்டுப் போனவர், இப்போது எந்தச் சொல் எதிராளிக்கு ஆறாத புண்ணாகும் என்று தெரிந்து அந்த ஒன்றை மட்டும் மெதுவாகச் சொல்வார். கோபத்தின் அளவு மாறவில்லை. ஆனால் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால், 'அவர் கொடூரமானவராகிவிட்டார்' என்பார்கள். இரண்டு கூற்றும் உண்மைதான்.

அப்படியானால் உண்மையான மாற்றம் எங்கே தொடங்குகிறது?

கடந்த காலத்தில். இதை ஓர் உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும்.

மாலா என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை அலமாரியில் அடுக்குவது அவள் வேலை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். வாரம் ஒருமுறை அண்ணனோடு சதுரங்கம் ஆடுவாள். பெரும்பாலும் அவளே ஜெயிப்பாள். வேறு எதிலும் யாரையும் ஜெயித்திராத அவளுக்கு அது பெரிய பெருமை. அறிவு கூடிய மூன்றாம் நாள் இரவு தூக்கம் வராமல் பழைய ஆட்டங்களை மனதில் ஓட்டிப் பார்க்கிறாள். அண்ணன் தன் ராணியை யாரும் காக்காத கட்டத்தில் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்துபோன ஆட்டம். இரண்டே நகர்த்தலில் முடித்திருக்க வேண்டிய இடத்தில் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளிவிட்டுத் தலையைச் சொறிந்த ஆட்டம். பதினைந்து வருடங்களாக அண்ணன் தோற்றுக்கொடுத்திருக்கிறார். (நினைவாற்றலும் சேர்ந்து கூடியதா என்று கேட்காதீர்கள். எல்லா ஆட்டமும் வேண்டாம், இரண்டு ஞாபகம் இருந்தால் போதும்.)

இப்போது அவள் என்ன செய்வாள்? நெகிழ்ந்து அழலாம். தன் ஒரே பெருமையும் பிச்சையாகக் கிடைத்தது என்று கூசிப்போகலாம். இன்னும் எவையெல்லாம் நாடகம் என்று தோண்டத் தொடங்கலாம்: மேலாளர் சொன்ன பாராட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் நட்பு, அம்மா சொன்ன 'நீ இல்லாமல் என்னால் முடியாது'. மூன்று எதிர்வினையும் மூன்று வெவ்வேறு மாலாக்கள். எந்த மாலா என்பதை அவள் பழைய சுபாவம் தீர்மானிக்கும். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு அந்தச் சுபாவம் பழைய இடத்திலேயே இருக்காது. சந்தேகப்படத் தொடங்கியவள் ஒரு மாதத்தில் சந்தேகக்காரியாகிவிடுவாள்.

இதில் மாலா புதிதாக எதையும் கற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நடந்தது எல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். அதன் பொருள் மட்டும்தான் இப்போது தெரிகிறது. யாரோ வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் நம்ப மறுத்திருக்கலாம். தானே கண்டுபிடித்ததை மறுக்க வழியில்லை. திடீர் அறிவின் கதையை மற்ற 'ரகசியம் வெளிப்படும்' கதைகளிலிருந்து பிரிப்பது இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் கதையில் விஞ்ஞானக் கண்டுபிடிப்புகள் பத்து இருந்து இப்படி ஒரு இரவு இல்லையென்றால், பத்தையும் எடுத்துவிட்டு இந்த இரவை எழுதுங்கள்.

ஆணவம் வந்தே தீருமா?

நம் மரபில் இந்தக் கரு பழையது. தான் உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டிக்கொண்டிருந்த மூடன், காளியின் அருளால் காளிதாசன் ஆனான் என்பது ஒரு கதை. மடைப்பள்ளியில் பணி செய்த வரதன், அம்பிகை வாயில் உமிழ்ந்த தாம்பூலத்தால் கவி காளமேகமாக எழுந்தான் என்பது இன்னொரு கதை. இரண்டிலும் வரம் கிடைத்த நொடியில் பழைய மனிதர் மறைந்துவிடுகிறார். அவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் மக்கள் வாயில் நிலைத்த தொடர் எது தெரியுமா? 'வசைபாடக் காளமேகம்'. திடீரென்று வந்த திறமையோடு நாக்கின் கூர்மையும் சேர்ந்து வரும் என்று கதை கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மடைப்பள்ளியில் அவரை அதட்டி வேலை வாங்கியவர்கள் யார் யார் என்று எனக்கு ஒரு கேள்வி எப்போதும் உண்டு. அதை யாராவது எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.

இன்றைய கதைகளில் ஆணவம் என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் காத்திருப்பின் எரிச்சல். எதிரில் இருப்பவர் வாக்கியத்தின் முதல் பாதியைச் சொல்லும்போதே மறுபாதி இவருக்குத் தெரிந்துவிடுகிறது. இருந்தும் முடியும்வரை காத்திருக்க வேண்டும், ஒரு நாளைக்கு நூறு முறை. மிக உயர்ந்த நுண்ணறிவுள்ள குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்த உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த், மந்தமானவர்களை முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொள்வது அந்தக் குழந்தைகள் கற்க வேண்டிய கடினமான பாடங்களில் ஒன்று என்று எழுதினார். பிறவியிலேயே கூர்மையானவர்கள் அந்தப் பாடத்தைப் பள்ளி நாட்களிலேயே படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்: எப்போது சும்மா இருப்பது, எப்போது தெரியாததுபோல் கேட்பது, எந்த விடையைக் கையை உயர்த்தாமல் விழுங்கிவிடுவது. உங்கள் நாயகனுக்கு நாற்பது வயதில் நேற்றுதான் இந்தத் தொல்லை வந்திருக்கிறது. ஆணவம் இல்லாமலேயே அவர் ஆணவக்காரராகத் தெரிவார். அப்படித் தெரிவதை அவர் கவனிக்கிறாரா, கவனித்தும் விட்டுவிடுகிறாரா என்பதில் குணம் தெரியும்.

அறிவு ஏறினால் உணர்ச்சி இறங்குமா?

இறங்காது. கதைகளில் மேதையைப் பனிக்கட்டியாக எழுதுவது எழுதுபவரின் வசதிக்காக. பத்து நகர்த்தல் தள்ளிப் பார்க்க முடிந்தவருக்குப் பயப்படவும் பத்து காரணம் கிடைக்கும். அவ்வளவுதான்.

நிஜத்தில் இதற்கு ஒப்பான சம்பவம் ஏதாவது உண்டா?

அறிவு திடீரென்று கூடியவர் இல்லை. பார்வை திடீரென்று கிடைத்தவர் உண்டு. கதாசிரியர்கள் அவரைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிட்னி பிராட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர், பத்து மாதக் குழந்தையாக இருந்தபோதே பார்வையை இழந்தவர். 1958 இறுதியிலும் 1959 தொடக்கத்திலும் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை நடந்து, 52 வயதில் அவருக்குப் பார்வை வந்தது. ரிச்சர்ட் கிரிகோரி, ஜீன் வாலஸ் என்ற இரு உளவியலாளர்கள் அவரை அருகிலிருந்து கவனித்தார்கள். பெரிய ஆங்கில எழுத்துகளை அவரால் பார்த்தவுடன் அடையாளம் காண முடிந்தது. பள்ளியில் அவற்றைத் தொட்டுத் தடவிக் கற்றிருந்தார். சிறிய எழுத்துகளை அப்படிக் கற்றதில்லை, ஆகவே அவை புரியவில்லை. அருங்காட்சியகத்தில் ஒரு லேத் இயந்திரத்தை அவருக்குக் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தபோது ஒன்றும் பிடிபடவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டதும் கண்ணை மூடிக்கொண்டு கையால் முழுவதும் தடவினார். பிறகு ஓரடி பின்வாங்கிக் கண்ணைத் திறந்து, தொட்டுப் பார்த்துவிட்டதால் இப்போது தெரிகிறது என்றார்.

கதைக்கு முக்கியமானது அடுத்தது. பார்வை இல்லாதபோது தனியாகத் துணிந்து சாலையைக் கடந்தவர் அவர். பார்வை வந்த பிறகு வாகனங்களைக் கண்டு நடுங்கினார். வீட்டில் மாலை வேளைகளில் விளக்கைப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பது அவர் வழக்கமானது. உலகம் அழுக்காகவும் உரிந்துபோன சாயங்களோடும் தெரிவது அவரை வருத்தியது. மெல்ல மெல்ல மனம் சோர்ந்து, 1960-ல் இறந்துபோனார். பார்வையற்றவராக இருந்தபோது எல்லோரும் வியக்கும்படி வாழ்ந்தவர், பார்வையுள்ளவராக மாறியதும் தட்டுத்தடுமாறும் ஒருவராகிவிட்டார் என்பதைக் கிரிகோரி வலியோடு பதிவு செய்திருக்கிறார்.

மாலாவுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. புதிய திறன் பழைய பாதையில்தான் முதலில் நடக்கும். விடை தெரிந்த பிறகும் சில நாட்கள் அவள் விரல் விட்டு எண்ணிச் சரிபார்ப்பாள். பழைய வாழ்க்கைக்கு அவள் கட்டிவைத்திருந்த தைரியம் புதிய வாழ்க்கையில் செல்லாது. நூலகத்தில் தன் வேலையை நேர்த்தியாகச் செய்பவள் என்று பெயர் வாங்கியவள், இப்போது எல்லாம் தெரிந்தவர்கள் நடுவில் எதுவும் படிக்காதவளாக நிற்பாள்.

சுற்றியிருப்பவர்கள் எப்படி மாறுவார்கள்?

நாயகனைவிட வேகமாக. எந்த வீட்டிலும் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது: யார் முடிவெடுப்பவர், யார் கேட்டுக்கொள்பவர், யாரைப் பார்த்து எல்லோரும் 'பாவம்' என்பார்கள். ஒருவர் தன் இடத்தைவிட்டு எழுந்தால் மற்றவர்களுக்கும் உட்கார இடம் தெரியாது. மாலாவைக் கவனித்துக்கொள்வதையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்ட அம்மாவுக்கு, அவள் தேறியது மகிழ்ச்சி மட்டும்தானா? எனக்குச் சந்தேகம். 'முன்பு நீ எவ்வளவு நல்ல பெண்ணாக இருந்தாய்' என்ற வாக்கியம் உங்கள் கதையில் யார் வாயிலிருந்தாவது வரட்டும். ஆனால் அதைச் சொல்பவரை வில்லியாக்கிவிடாதீர்கள்.

ஆளுமை என்று நாம் சொல்வதில் பாதி, பிறர் நம்மிடம் எதிர்பார்ப்பதற்கு நாம் காட்டும் பதில். எதிர்பார்ப்பு மாறினால் பதிலும் மாறும். யாரும் உதவி கேட்டிராத ஒருவரிடம் திடீரென்று எல்லோரும் யோசனை கேட்கத் தொடங்கினால், அவர் குரலே ஒரு மாதத்தில் மாறிவிடும். இந்த மாற்றத்தை மூளையின் கணக்கில் எழுதக்கூடாது.

கதையில் ஐக்யூ எண் போடலாமா?

போடலாம், ஆனால் அந்த எண் என்ன சொல்கிறது என்று தெரிந்து போடுங்கள். நுண்ணறிவு ஈவு என்பது உயரம்போல, எடைபோல நேரடியாக அளப்பது அல்ல. மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரும் இடம். சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். 130-ஐத் தாண்டுபவர்கள் சுமார் 2 சதவீதம். இந்தக் கணக்கின்படி 195-ஐ எட்டும்போதே உலகம் முழுவதும் ஒருவர் இருந்தால் அதிகம். '300 ஐக்யூ' என்று எழுதினால், ஓட்டப்பந்தயத்தில் முதலாம் இடத்துக்கும் முன்னால் வந்தார் என்று எழுதுவதுபோல் ஆகும். 100 உள்ளவரைவிட 200 உள்ளவர் இருமடங்கு புத்திசாலி என்ற பொருளும் இல்லை.

மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்று காரணம் சொல்லலாமா?

வேண்டாம். அது பொய். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு யாரும் இவ்வளவு தீனி போடுவதில்லை. காரணமே சொல்லாமல் விட்டால்கூட வாசகர் மன்னிப்பார்.

அவ்வளவு அறிவுள்ளவர் தவறு செய்யலாமா?

கட்டாயம் செய்ய வேண்டும். இல்லையென்றால் கதை இல்லை. ஆனால் எப்படிப்பட்ட தவறு என்பதில் கவனம் தேவை. அமெரிக்காவில் டான் கஹானும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே மாதிரியான எண்களை ஒரு பிரிவினரிடம் சரும மருந்து ஒன்றின் பலன் என்று கொடுத்தார்கள். கணக்கில் தேர்ந்தவர்கள் மற்றவர்களைவிடச் சரியாகக் கணித்தார்கள். இன்னொரு பிரிவினரிடம் அதையே துப்பாக்கிக் கட்டுப்பாட்டின் பலன் என்று கொடுத்தார்கள். இப்போது கணக்கில் தேர்ந்தவர்களே தங்கள் அரசியல் சார்பின்படி அதிகமாகப் பிளவுபட்டார்கள். தனக்குப் பிடித்த முடிவைக் காப்பாற்றவும் அறிவு வேலை செய்யும்.

மாலா அண்ணனை வெறுக்க முடிவுசெய்துவிட்டால், அதற்கு அவளைப்போல் சிறந்த வழக்கறிஞர் கிடைக்கமாட்டார். முன்பு அவள் கோபம் அரை நாளில் அடங்கிவிடும், ஏனென்றால் காரணங்கள் தீர்ந்துவிடும். இனி தீராது. முட்டாள்தனமான தவறு அவளுக்குப் பொருந்தாது. உறுதியான வாதங்களோடு செய்யும் தவறு பொருந்தும்.

நான் மேதை இல்லை. மேதையை எப்படி எழுதுவது?

உங்களிடம் நேரம் இருக்கிறது. அவர் ஒரு நொடியில் சொல்லும் பதிலை நீங்கள் ஒரு வாரம் யோசித்து எழுதலாம். இதைவிடப் பெரிய தந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது.

மேதைத்தனத்தைக் கடினமான சொற்களால் காட்டாதீர்கள். அவர் கேட்கும் கேள்வியால் காட்டுங்கள். எல்லோரும் விடை தேடிக்கொண்டிருக்கும்போது, 'இதை யார் நம்மைக் கேட்கச் சொன்னது?' என்று கேட்பவரை வாசகர் உடனே நம்புவார். நிறுத்திவிட்ட பழக்கங்களாலும் காட்டலாம். தினமும் சிரித்த நகைச்சுவைக்கு அவர் இன்று சிரிக்கவில்லை. ஒருமுறை கேட்டதைத் திரும்பக் கேட்கவில்லை. சண்டை வரும் என்று தெரிந்து முன்கூட்டியே அறையைவிட்டு வெளியேறுகிறார்.

கதாபாத்திரமே தன் கதையைச் சொல்வதாக இருந்தால் மொழிநடை மாறித்தான் ஆக வேண்டும். டேனியல் கீஸ் 1959-ல் வெளிவந்த 'ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்' சிறுகதையில், அறுவை சிகிச்சையால் அறிவு கூடி பிறகு அதை இழக்கும் நாயகனே எழுதும் குறிப்புகளில் எழுத்துப்பிழைகளை மெல்லக் குறைத்து, பிறகு திரும்ப வரவைத்தார். அது அவருடைய உத்தி. மறுபடி செய்தால் படிப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தமிழில் வேறு வழிகள் இருக்கின்றன. தொடக்கத்தில் 'பிறகு, பிறகு' என்று மட்டும் வாக்கியங்களைக் கோத்தவர், போகப்போக 'ஆகவே', 'என்றாலும்', 'ஒருவேளை' என்று கோக்கத் தொடங்கட்டும். 'ஒருவேளை' வந்த பக்கத்தில் ஆள் மாறிவிட்டார் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

நல்லவராவாரா, கெட்டவராவாரா?

இரண்டுக்கும் அறிவு காரணமாகாது. இந்தக் கேள்வியை விட்டுவிட்டு, அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். மாலாவுக்கு அண்ணனை ஜெயிக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. இப்போது ஜெயிக்க முடியும், ஐந்தே நிமிடத்தில். அந்த ஆசையை வைத்துக்கொண்டு அவள் இனி என்ன செய்வாள் என்பது அறிவுக்குத் தொடர்பில்லாத கேள்வி.

கடைசியில் அந்த அறிவு போய்விட்டால், பழைய ஆளே திரும்பி வருவாரா?

வரமாட்டார் என்றுதான் நான் எழுதுவேன். திறன் போகலாம். அது இருந்த நாட்களில் எடுத்த முடிவுகளும், சொன்ன சொற்களும், முறிந்த உறவுகளும் அப்படியே இருக்கும். ஏன் அப்படிச் செய்தோம் என்பது மட்டும் அவருக்குப் புரியாமல் போயிருக்கும். மற்றவர்கள் அவரிடம் பேசும்போது ஒரு நொடி தயங்குவார்கள். எதற்காக என்று அவருக்கு விளங்காது.

மாலாவின் கதையை நான் எழுதினால் அறிவு உச்சத்தில் இருந்த வாரத்திலும் அவளைச் சதுரங்கம் ஆட அனுப்புவேன். அண்ணன் வழக்கம்போல் தோற்க வழி பார்ப்பார். அவள் அவரைவிட நுட்பமாகத் தோற்க வழி பார்ப்பாள். யார் ஜெயிப்பது என்று இருவரும் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். ஒரு கட்டத்தில் அண்ணன் காயை நகர்த்தாமல் தலையை நிமிர்த்தி அவளைப் பார்ப்பார். அவள் தண்ணீர் குடிக்க எழுந்துபோவாள்.

பிறகு அறிவு போன வாரத்தில் அவள் மறுபடி ஜெயிக்கட்டும். பலகையை மடிக்கும் முன் அண்ணனிடம் அவள் ஏதோ கேட்க வாயெடுத்து, என்ன கேட்க வந்தோம் என்று மறந்துபோய் நிற்கட்டும்.